நியூட்ரினோவின் நிறை: கார்ல்ஸ்ரூ சோதனையைத் தொடர்ந்து பார்க்கும் இழை

வடகடல் டீச்சர் · 21 செப்டம்பர் 2019

போன வாரம் ஜப்பானில் டொயாமா நகரத்து மாநாட்டில் காட்ரின் குழு தன் முதல் முடிவைச் சொல்லிவிட்டது. நியூட்ரினோவின் நிறை 1.1 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள்தான் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் மிகச் சிறிய அலகு) இருக்க வேண்டும், 90 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்கிறோம் என்கிறார்கள். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ ஊர்ப் பக்கம் உள்ள சோதனை இது. நான் பி.எட். படித்த நாட்களிலிருந்தே இதைப் பின்தொடர்ந்து வருகிறேன். பாம்பனில் என்னுடன் இதைப் பேச ஆளில்லை. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆனால் தேர்வுக்கு வராது என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்த இழை. இன்னும் ஐந்தாறு வருடம் அளக்கப் போகிறார்கள், ஒவ்வொரு முடிவு வரும்போதும் இங்கே எழுதுகிறேன்.

பழைய கதை சுருக்கமாக. பீட்டா சிதைவில் (அணுக்கரு ஒரு எலெக்ட்ரானை வெளியே விடுகிற சிதைவு) கொஞ்சம் ஆற்றல் கணக்கில் வராமல் போகிறதே என்று எல்லாரும் தவித்தபோது, கண்ணுக்குப் படாத ஒரு துகள் அதைக் கொண்டு போகிறது என்று 1930-இல் பவுலி சொன்னார். அந்தத் துகள்தான் நியூட்ரினோ. அதைக் கையும் களவுமாகப் பிடிக்க 1956 ஆனது, ரைன்ஸும் கோவனும் அணு உலைப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார்கள். நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம், நியூட்ரினோ ஓடுகிற வழியிலேயே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகிறது என்று காட்டியது. நிறை இல்லாத துகள் அப்படி மாற முடியாது. கனடாவின் சட்பரி ஆய்வகமும் அதை உறுதி செய்தது, 2015-இல் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல் கிடைத்தது.

ஆக, நிறை உண்டு. எவ்வளவு? அந்த மாற்றத்தை வைத்து நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும்தான் தெரியும். அண்ணன் தம்பிக்குள் எத்தனை வயது வித்தியாசம் என்று தெரிந்தும் ஒருவர் வயதும் தெரியாத நிலைமை.

லேத்துப்பட்டறை · 21 செப்டம்பர் 2019

டீச்சர், ஒரு படம் எப்போதோ கைப்பேசியில் வந்தது. பெரிய எஃகுத் தொட்டி ஒன்றை ஊருக்கு நடுவே இழுத்துப் போகிறார்கள், இரண்டு பக்கமும் ஓட்டு வீடு, கூரைக்கும் தொட்டிக்கும் இடையில் கையை நுழைக்க இடம் இருக்குமா என்றே சந்தேகம். அது இந்தச் சோதனைதானா? மண்டபத்தில் முப்பது வருடமாகப் படகுக்குத் தண்டும் விசிறியும் கடைந்து கொடுக்கிறேன், அந்த மாதிரி ஒரு வேலையைப் பார்த்ததில்லை.

வடகடல் டீச்சர் · 22 செப்டம்பர் 2019

அதேதான் அண்ணே. 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் விட்டம், 200 டன். தெற்கு ஜெர்மனியில் டெகன்டோர்ஃப் என்ற ஊரில் செய்தார்கள். அங்கிருந்து கார்ல்ஸ்ரூ ஏறக்குறைய 400 கிலோமீட்டர், நமக்குச் சென்னை போகிறதைவிடக் குறைந்த தூரம். ஆனால் இவ்வளவு பெரியதை எந்தச் சாலையும் தாங்காது, உள்நாட்டுக் கால்வாயிலும் நுழையாது. அதனால் டான்யூப் ஆற்றில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று கண்டத்தையே சுற்றி, ராட்டர்டாம் வழியாக ரைன் ஆற்றில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர், இரண்டு மாதம். 2006 நவம்பரில் லியோபோல்ட்ஸ்ஹாஃபன் என்ற சிற்றூரில் கரையேற்றினார்கள், நீங்கள் பார்த்த படம் அங்கே எடுத்தது.

எதற்கு அத்தனை பெரிசு என்று அடுத்துக் கேட்பீர்கள். டிரிட்டியம் வாயு (கதிரியக்கமுள்ள கனமான ஹைட்ரஜன்) சிதையும்போது எலெக்ட்ரான்கள் எல்லாத் திசையிலும் சுழன்று சுழன்று வருகின்றன. வலுவான காந்தப்புலத்தில் பிறந்து மெல்ல மெல்ல வலுக் குறைந்த புலத்துக்குள் வரும்போது அந்தச் சுழற்சி அடங்கி நேர்கோட்டு ஓட்டமாக மாறும். புலம் மெலிய மெலிய எலெக்ட்ரான் போகிற பாதை அகலும், அந்த அகலத்துக்குத்தான் பத்து மீட்டர் விட்டம். நடுவில் 18,600 வோல்ட் அளவுக்கு ஒரு மின் தடுப்பு நிற்கிறது. அதைத் தாண்டத் தெம்புள்ளது மட்டும் மறுபக்கம் போய் எண்ணிக்கையில் சேரும், மற்றவை திரும்பிவிடும். தனுஷ்கோடிச் சாலையில் கல் தடுப்பைத் தாண்டி விழுகிற அலையை மட்டும் எண்ணுவது போல. தடுப்பை ஒரு வோல்ட் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, எத்தனை தாண்டுகிறது என்று மாதக்கணக்காக எண்ணுகிறார்கள்.

கச்சான் · 22 செப்டம்பர் 2019

டீச்சர், எலெக்ட்ரானை எண்ணினால் நியூட்ரினோவின் எடை எப்படித் தெரியும்? அதைத்தான் பார்க்கவே முடியாது என்றீர்களே.

வடகடல் டீச்சர் · 22 செப்டம்பர் 2019

தம்பி, டிரிட்டியம் சிதைந்தால் ஹீலியம் ஆகிறது, சுமார் 18,600 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளியே வருகிறது. எலெக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் (நியூட்ரினோவின் எதிர்த்துகள், இங்கே நியூட்ரினோ என்றே சொல்கிறேன்) அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு தடவை இதற்குக் கூட, ஒரு தடவை அதற்குக் கூட. நியூட்ரினோ எதுவுமே எடுக்காத சிதைவில் எலெக்ட்ரானுக்கு முழுத் தொகையும் போக வேண்டும். ஆனால் நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால், அது அசையாமல் நின்றாலும் தன் நிறைக்குரிய ஆற்றலை எடுத்துக்கொண்டே தீரும். அந்த அளவு எலெக்ட்ரானின் உச்சத்தில் குறையும்.

கச்சான் · 23 செப்டம்பர் 2019

அப்படியென்றால் இது பேட்டாதானே! மீன்பாடு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பங்கு வந்தாலும் வராவிட்டாலும், படகில் ஏறியவனுக்குப் பேட்டா உண்டு. கூட்டாளி ஒருத்தன் கண்ணிலேயே படமாட்டான், அவன் கணக்கையும் காட்டமாட்டான். ஆனால் மொத்தத் தொகை தெரியும், என் கைக்கு அதிகபட்சம் எவ்வளவு வந்தது என்றும் தெரியும். மொத்தம் 18,600 ரூபாய், என் வாழ்நாளில் சிறந்த நாளில்கூட ஐம்பது பைசா குறைகிறது என்றால் அந்த ஐம்பது பைசா அவன் பேட்டா.

வடகடல் டீச்சர் · 23 செப்டம்பர் 2019

பல வருடமாகப் பாடம் நடத்துகிறேன், எனக்கு இது தோன்றவில்லை. ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். இனி இந்த இழையில் ஒரு எலெக்ட்ரான் வோல்ட் என்றால் ஒரு ரூபாய். ஜெர்மனியின் மைன்ஸ், ரஷ்யாவின் டிராய்ட்ஸ்க் இரண்டு ஊர்ச் சோதனைகளும் சேர்ந்து பேட்டா இரண்டு ரூபாய்க்குள் என்று சொல்லியிருந்தன. இப்போது ஒரு ரூபாய் பத்து பைசாவுக்குள். இன்னொரு பக்கம், நியூட்ரினோ வகை மாறுவதிலிருந்து, மூன்றில் கனமானது ஐந்து பைசாவுக்குக் குறையாது என்றும் தெரியும். அந்த இடைவெளிக்குள்தான் எங்கோ இருக்கிறது.

கீழக்கரை மாணவி · 25 செப்டம்பர் 2019

எங்கள் பி.எஸ்சி. பாடத்தில் பீட்டா சிதைவு அரைப் பக்கம். இதைப் படித்த பிறகு அந்த அரைப் பக்கத்தை மறுபடி படித்தேன். ஒரு சந்தேகம் டீச்சர். அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் எத்தனை எலெக்ட்ரான் வந்துவிடப் போகிறது?

வடகடல் டீச்சர் · 25 செப்டம்பர் 2019

சரியான இடத்தில் கை வைத்தாய் மா. கடைசி ஒரு ரூபாய்க்குள் விழுவது பத்து லட்சம் கோடிச் சிதைவில் இரண்டு. அதனால்தான் டிரிட்டியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்: மொத்த ஆற்றல் குறைவு, அரை ஆயுள் 12.3 வருடம், அணுவும் எளிமையானது. பத்து மீட்டர்க் குழாயில் விநாடிக்குப் பத்தாயிரம் கோடிச் சிதைவு வரை நடக்கும்படி வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியும் இந்த முதல் முடிவுக்கு நாலு வாரத் தரவில் சேர்ந்தது இருபது லட்சம் எலெக்ட்ரான்.

வடகடல் டீச்சர் · 18 பிப்ரவரி 2022

காட்ரினின் அடுத்த முடிவு 'நேச்சர் பிசிக்ஸ்' இதழில் இந்த வாரம் வந்தது. முதலிரண்டு அளவீடுகளையும் சேர்த்து 0.8. எண்பது பைசா. ஒரு ரூபாய்க்குக் கீழே நேரடி அளவீடு ஒன்று இறங்கியது இதுதான் முதல் தடவை.

தொண்டி வாசகன் · 19 பிப்ரவரி 2022

இரண்டரை வருடமாக அமைதியாகப் படித்து வந்தேன், இப்போது கேட்டே ஆக வேண்டும். தேனி பொட்டிபுரத்தில் இதே நியூட்ரினோவுக்கான ஆய்வகம் வேண்டாமென்று சனங்கள் எத்தனை வருடம் போராடினார்கள். இந்த மாதம்தான் தமிழக அரசும் அனுமதி தரமுடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. நீங்கள் இங்கே அதே பொருளைக் கொண்டாடுகிறீர்கள். அப்படியானால் அந்தப் போராட்டம் தவறு என்கிறீர்களா?

கீழக்கரை மாணவி · 19 பிப்ரவரி 2022

ஐயா, இரண்டும் வேறு வேறு சோதனை. தேனியில் 50,000 டன் காந்த இரும்பை மலைக்குள் வைத்து, வானத்திலிருந்து வரும் நியூட்ரினோக்களில் எது கனம் எது லேசு என்ற வரிசையைக் கண்டுபிடிக்கத் திட்டமிட்டார்கள். பேட்டா எவ்வளவு என்ற கேள்விக்கு அது பதில் தந்திருக்காது. காட்ரினுக்கு மலையே தேவையில்லை.

வடகடல் டீச்சர் · 20 பிப்ரவரி 2022

ஐயா கேட்டது நியாயமான கேள்வி, சோதனை வேறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், பிள்ளைகளுக்கு நோய் வரும் என்று அப்போது நம் பக்கமும் துண்டுச் சீட்டு வந்தது. அது பொய். இதைப் படிக்கும்போதே சூரியனிலிருந்து விநாடிக்கு 6,500 கோடி நியூட்ரினோ உங்கள் நகம் அளவு இடத்தைத் துளைத்துப் போகின்றன. ராத்திரியிலும் போகின்றன, பூமிக்கு அந்தப் பக்கமிருந்து. அவை யாரையும் எதுவும் செய்வதில்லை, செய்யாததால்தான் பிடிக்க இத்தனை பாடு. கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே 1965-இலேயே நம் நாட்டவர் வான்வெளி நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள், உலகில் அதுதான் முதல் வரிசை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. நம் ராமேசுவரத்துக் கலாமும் 2015-இல் அந்தத் திட்டத்தை ஆதரித்து எழுதினார்.

ஆனால் மலையைக் குடைவது, வெடி வைப்பது, தண்ணீர், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கு அவ்வளவு அருகில் இருப்பது, இதெல்லாம் பொய் அல்ல. அதைக் கேட்ட சனங்களிடம் உட்கார்ந்து பேசுவதற்குப் பதிலாக, உங்களுக்கு அறிவியல் தெரியாது என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? மன்னார் வளைகுடாவை நம்பிப் பிழைக்கும் நமக்கு அது நன்றாகவே புரியும். அந்தத் திட்டம் போனதில் எனக்கு வருத்தம்தான். வருத்தப்படுவதால் போராடியவர்கள் தவறு என்று ஆகிவிடாது.

தொண்டி வாசகன் · 20 பிப்ரவரி 2022

நேராகச் சொன்னதற்கு நன்றி. இனி நானும் படிக்கிறேன். நகம் அளவுக்கு 6,500 கோடி என்பதைப் பேத்தியிடம் சொன்னேன், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கீழக்கரை மாணவி · 23 ஜூன் 2024

டீச்சர் முந்திக்கொள்ளும் முன் நானே எழுதிவிடுகிறேன். மிலான் மாநாட்டில் இந்த வாரம் சொன்னார்கள், 0.45! நாற்பத்தைந்து பைசா! ஐந்து அளவீடுகள், 259 நாள், 3 கோடியே 60 லட்சம் எலெக்ட்ரான்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டேன், இப்போது கட்டுரையை நேரடியாகப் படிக்க முடிகிறது. படித்ததில் ஒரு விஷயம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அவர்கள் அளப்பது நிறையின் வர்க்கத்தை. அதற்கு வந்த சிறந்த மதிப்பு மைனஸ் 0.14. எந்த எண்ணின் வர்க்கமும் மைனஸ் ஆகாதே!

வடகடல் டீச்சர் · 23 ஜூன் 2024

பிழை எல்லையையும் பார் மா, ஏறக்குறைய அதே 0.14 அளவுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. உண்மை மதிப்பு பூச்சியத்துக்கு வெகு பக்கத்தில் இருந்தால், அளக்கும்போது ஏறக்குறையப் பாதித் தடவை அந்தப் பக்கம் விழத்தான் செய்யும். தராசில் ஒன்றும் வைக்காதபோது முள் நடுங்குமே, சில நேரம் இடது பக்கம்கூடப் போகுமே, அதுதான். அந்த நடுக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் 0.45 என்ற மேல் எல்லை.

ஆனால் உன் பயம் வீண் என்று சொல்லமாட்டேன். 1980-இல் மாஸ்கோவில் ஒரு குழு சுமார் 30 எலெக்ட்ரான் வோல்ட் நிறை இருப்பதாகவே அறிவித்தது. முப்பது ரூபாய்! உலகமே பரபரத்தது, பிரபஞ்சத்தின் இருண்ட பொருள் இதுதான் என்றுகூடப் பேசினார்கள். மற்றவர்கள் அளந்தபோது அது நிற்கவில்லை. அப்புறம் தொண்ணூறுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சோதனைகளில் பெரிய மைனஸ் மதிப்புகள் வந்தன, அவை நடுக்கம் அல்ல, கருவியிலும் கணக்கிலும் இருந்த கோளாறு. அந்தச் சூடு பட்டதால்தான் காட்ரின் குழு, கணக்கிடும் முறையை முழுதும் முடிவு செய்த பிறகே உண்மைத் தரவைத் திறக்கிறது. விடை தெரிந்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் சாயும், யாராக இருந்தாலும்.

லேத்துப்பட்டறை · 24 ஜூன் 2024

எண்பதிலிருந்து நாற்பத்தைந்துக்கு எப்படி இறக்கினார்கள்? தொட்டி அதே தொட்டிதானே.

கீழக்கரை மாணவி · 24 ஜூன் 2024

தரவு ஆறு மடங்கு கூடியது ஒரு காரணம் அண்ணே. இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். தொட்டிக்குள் வெற்றிடத்தைக் காக்கும் பம்பிலேயே ஒரு பொருளிலிருந்து கொஞ்சம் ரேடான் என்ற கதிரியக்க வாயு கசிகிறது, அதைப் பிடித்து நிறுத்த, திரவ நைட்ரஜனால் குளிர்வித்த செம்புத் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். தொட்டிச் சுவரிலும் அந்த ரேடானின் வாரிசு ஈயம் படிந்திருக்கிறது. அது சிதையும்போது சுவரிலிருந்து கிளர்ந்த அணுக்கள் கிளம்பி, தொட்டிக்கு நடுவே வந்து போலி எலெக்ட்ரானைக் கொடுக்கின்றன. சுவரை மாற்ற முடியாது. அதனால் வடிகட்டும் இடத்தை, நடுவிலிருந்து எண்ணும் கருவி இருக்கும் பக்கமாக நகர்த்திவிட்டார்கள், காந்தப்புலத்தையும் மின்னழுத்தத்தையும் மட்டும் மாற்றி. போலிக்கு இடம் தரும் கன அளவு சுருங்கியது, இரைச்சல் பாதியானது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

லேத்துப்பட்டறை · 24 ஜூன் 2024

கெட்டிக்காரர்கள். பழுதைக் கழற்றாமல் சரி செய்கிறவன்தான் மேஸ்திரி.

வடகடல் டீச்சர் · 12 ஏப்ரல் 2025

இந்த வாரம் எனக்கு இரட்டைச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை நம் புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள், பிள்ளைகளோடு கரையில் நின்று நடுத்தூக்கு மேலே போவதைப் பார்த்தேன். வியாழக்கிழமை காட்ரினின் 0.45 'சயின்ஸ்' இதழில் முறையாக வெளியானது. வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொன்னேன்: அந்தத் தூக்குப் பாலம் 72.5 மீட்டர், காட்ரின் கருவி முழுவதும் ஏறக்குறைய 70 மீட்டர். நீங்கள் பார்த்த அந்த ஒரு தூக்கின் நீளத்தில், ஒரு முனையில் டிரிட்டியம், மறுமுனையில் எண்ணும் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரு பையன் கேட்டான், தூக்கு 660 டன், நியூட்ரினோ எவ்வளவு டன் என்று. கரும்பலகையில் பூச்சியங்களை எழுதி எழுதி மணி அடித்துவிட்டது.

தொண்டி வாசகன் · 13 ஏப்ரல் 2025

டீச்சர், செய்தியில் வேறொன்று படித்தேன். வானத்தில் விண்மீன் மண்டலங்களின் பரவலை வைத்தே நியூட்ரினோவின் நிறையைச் சொல்லிவிட்டார்களாமே, இதைவிட நுட்பமாக. அப்படியென்றால் இந்தத் தொட்டி எதற்கு?

கீழக்கரை மாணவி · 13 ஏப்ரல் 2025

ஐயா, அது அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டெசி என்ற வானாய்வு. மூன்று வகையும் சேர்ந்து 0.072-க்குள் என்று போன வருடம் சொன்னார்கள், கடந்த மாதம் 0.064 என்று இன்னும் இறக்கினார்கள். நம் கணக்கில் மூன்றுக்கும் சேர்த்து ஆறரை பைசாகூட இல்லை. ஆனால் ஆய்வகங்களில் பார்த்த வகை மாற்றத்தின்படி மூன்றும் சேர்ந்து ஆறு பைசாவுக்குக் குறையவே முடியாது. ஆக வானக் கணக்கு தரையைத் தொடப் போகிறது. இன்னும் இறங்கினால் எங்கோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கணக்கு, பிரபஞ்சம் எப்படி விரிகிறது, இருண்ட ஆற்றல் எப்படி நடந்துகொள்கிறது என்ற அனுமானங்களின் மேல் நிற்கிறது. அவற்றில் ஒன்றை மாற்றினால் எல்லையும் மாறும். காட்ரினுக்கு அந்த அனுமானம் எதுவும் வேண்டாம், ஆற்றல் அழியாது என்பது போதும்.

வடகடல் டீச்சர் · 13 ஏப்ரல் 2025

இதற்குத்தான் ஐயா எனக்கு அந்தத் தொட்டி மேல் இவ்வளவு பிரியம். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் வானத்தை நாம் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். முட்டிக்கொண்டால் இன்னும் பெரிய விஷயம், புதிதாக ஏதோ இருக்கிறது. எப்படிப் போனாலும் தரையில் அளந்த எண் ஒன்று கையில் வேண்டும்.

"இன்னும் கண்டுபிடிக்கவில்லையா" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். இரண்டு ரூபாயிலிருந்து நாற்பத்தைந்து பைசாவுக்கு வந்ததும் கண்டுபிடிப்புதான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், சலிக்காமல். அந்த ஒன்றரை ரூபாய்க்குள் நியூட்ரினோ இல்லை என்று இன்று மனித குலத்துக்குத் தெரியும், முன்பு தெரியாது.

கச்சான் · 13 ஜூன் 2025

நாளை நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. இரண்டு மாதமாகக் கரையில் இருந்ததில் வலையும் பார்த்தாயிற்று, இந்த இழையையும் முதலிலிருந்து படித்தாயிற்று. டீச்சர், இனி எவ்வளவு நாள் அளப்பார்கள்? ஐந்து பைசா வரை போய்விடுவார்களா?

கீழக்கரை மாணவி · 13 ஜூன் 2025

போகமாட்டார்கள் தம்பி. இந்த வருடக் கடைசி வரை, மொத்தம் ஆயிரம் நாள் தரவு. முப்பது பைசாவுக்குக் கீழே இறங்கப் பார்க்கிறார்கள், அதோடு இந்த முறையின் பலம் ஏறக்குறைய முடிகிறது. இன்னும் ஒன்று, காட்ரின் அளப்பது தனி ஒரு நியூட்ரினோவின் பேட்டா இல்லை, மூன்றும் கலந்த ஒரு சராசரி. வரிசை ஒரு விதமாக அமைந்தால் அந்தச் சராசரி ஒரு பைசாவுக்கும் சற்றுக் குறைவாகக்கூட இருக்கலாம்.

அதற்கு வேறு வழி தேடுகிறார்கள். அமெரிக்காவில் பிராஜெக்ட் 8 என்று ஒன்று. எலெக்ட்ரான் காந்தப்புலத்தில் சுழலும்போது வெளிவிடும் நுண்ணலையின் அதிர்வெண்ணை வைத்தே அதன் ஆற்றலைச் சொல்கிறார்கள், எஞ்சின் சத்தத்தை வைத்து வேகத்தைச் சொல்வது போல. 2023-இல் அவர்கள் வெளியிட்ட எல்லை 155 ரூபாய். குறி வைத்திருப்பது நாலு பைசா.

லேத்துப்பட்டறை · 13 ஜூன் 2025

155 ரூபாயிலிருந்து நாலு பைசாவா!

வடகடல் டீச்சர் · 13 ஜூன் 2025

ஆமாம் அண்ணே. காட்ரினும் காகிதத்தில் தொடங்கிய 2001-இலிருந்து முதல் டிரிட்டியம் உள்ளே போன 2018 வரை பதினேழு வருடம் எடுத்தது. உங்கள் தொட்டிக்கு அப்புறமும் வேலை இருக்கிறது. 2026-இல் டிரிஸ்டன் என்ற புதிய உணர்கருவியைப் பொருத்தி, இந்த மூன்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கனமான நான்காவது வகை ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று அதே டிரிட்டியத்தில் தேடப் போகிறார்கள்.

கச்சான் · 14 ஜூன் 2025

அப்படி ஒருத்தன் இருந்தால் பேட்டா ஆயிரக்கணக்கான ரூபாய் ஆகுமே டீச்சர், உச்சத்தில் தெரியாமலா இருக்கும்?

வடகடல் டீச்சர் · 14 ஜூன் 2025

அவன் எல்லாப் படகிலும் ஏறமாட்டான் தம்பி. பத்து லட்சத்தில் ஒரு தடவை ஏறினால் அதிகம். ஏறிய தடவைகளில் மட்டும் கணக்கு ஆயிரக்கணக்கில் குறையும், அதனால் உச்சத்தில் அல்ல, நடுவில் எங்கோ கோட்டில் ஒரு சின்ன மடிப்பு தெரியும். அதற்கு உச்சத்தை மட்டும் பார்த்தால் போதாது, மொத்தக் கணக்கையும் எண்ண வேண்டும், விநாடிக்குக் கோடிக்கணக்கில் எலெக்ட்ரான் கொட்டும், அதைத் தாங்கத்தான் புதிய கருவி.

கச்சான் · 14 ஜூன் 2025

புரிந்தது. ராத்திரி ஐஸ் ஏற்ற வேண்டும், கடலுக்குப் போக டோக்கன் காலையில். ஆயிரம் நாள் கணக்கு வந்ததும் பைசாவில் எழுதிப் போடுங்கள் டீச்சர், கரைக்கு வந்ததும் பார்க்கிறேன்.